தீபாவளிச் சனத்தை வைத்துப் பொருளாதாரத்தை அளக்கலாமா?

தீபாவளிக்கு முதல்நாள் யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் கால் வைக்க இடம் கிடைப்பது கடினம். நடைபாதையில் உடுப்பைக் கொட்டிக் கூவி விற்பவரிலிருந்து பெரிய புடவைக்கடைகள் வரை சனம் நெரியும். வியாபாரம் களைகட்டியது என்று செய்தி வரும். நாடு நிமிர்ந்துவிட்டது என்ற முடிவும் கூடவே வரும். அவசரமான முடிவு அது. பண்டிகைக் கொள்வனவில் பெரும்பகுதி கடமை. பிள்ளைக்குப் புதுச்சட்டை இல்லாமல் தீபாவளி கழியக்கூடாது என்று கடன்பட்டாவது வாங்குவார்கள். அரச ஊழியர் பண்டிகை முற்பணம் எடுப்பார்; பிறகு அது மாதாமாதம் சம்பளத்தில் கழியும். ஆகவே சனத்தை எண்ணுவதைவிட, பையில் எது இல்லை என்று பார்ப்பது பயன் தரும். கை இறுகினால் முதலில் விடுபடுவது தகப்பனின் வேட்டி, அடுத்தது தாயின் சேலை. பிள்ளைகளின் உடுப்பு கடைசிவரை தப்பி நிற்கும். வீட்டில் எல்லாருக்கும் உடுப்பு எடுத்த வருடம்தான் மனமும் சற்று இளகிய வருடம்.

செலவு என்பது வாங்கும் சக்தியோடு வாங்கும் மனத்தையும் பொறுத்தது என்றார், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நுகர்வோர் மனநிலையை அளக்கத் தொடங்கிய ஜோர்ஜ் கட்டோனா. அந்த மனம் நம்பிக்கையாலும் வரும், பயத்தாலும் வரும். 2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த நாட்களில் அரிசி மூட்டையை வாங்கி அடுக்கியவரை நம்பிக்கையுள்ள நுகர்வோர் என்று யார் சொல்வார்? 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதமானது. ஏறிய விலை இறங்கவில்லை, ஏற்றம்தான் தணிந்தது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாகியது. 2021ஐவிட இரட்டிப்பு ரூபாவுக்கு விற்ற கடைக்காரர், அதே எண்ணிக்கைச் சட்டைகளைத்தான் விற்றிருக்கவும் கூடும்.

வெளிநாட்டுக் காசு இருக்கும்வரை யாழ்ப்பாணத்துக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. நல்லூரின் 25 நாள் திருவிழாவுக்கு வரும் புலம்பெயர் உறவுகளின் செலவு வியாபாரிக்கு உண்மையான வருமானம்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் செலவு காட்டுவது ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் உள்ள வேலை நிலவரத்தை. திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் விவசாயியின் மனநிலை அதில் தெரியாது.

அதைத் தேட வேண்டிய இடம் அடகுக் கடை. இங்கே நகை, அலங்காரத்தோடு அவசரத்துக்கு உதவும் சேமிப்பும்கூட. விதைப்புக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் அடகுக்குப் போன காப்பு, பொங்கலுக்கு முன் மீண்டு வீடு வந்தால் அது நம்பிக்கை. வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிட்டுப் புடவைக்கடைக்குப் போனால், அங்கே தெரியும் கூட்டம் கடனின் கூட்டம். பவுண் விலை ஏறும்போது அதே காப்புக்குக் கூடுதல் காசு கிடைப்பதால், இந்தக் கடன் வளமாகவே தோற்றும்.

லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுப்பதும் நல்ல அடையாளம்தானே எனலாம். வரும் மாதங்களின் சம்பளத்தை நம்பினால்தானே தவணைக்குக் கையெழுத்திடுவார்கள். ஆனால் 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அடக்கி வைத்த ஆசை ஒரேயடியாக வெளிவருவதையும் அதில் கழித்துப் பார்க்க வேண்டும். பண்டிகை வியாபாரத்தைப் பற்றி எழுதுவோர், விற்ற தொகையோடு, மீட்ட நகையின் கணக்கையும் அடகுபிடிப்போரிடம் கேட்டு எழுதட்டும்.