கண்ணாடியில் ஒட்டும் நிழல்

சித்திரை மாதத்துப் பிற்பகலொன்றில், நிழலற்ற வீதியில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்திருந்த காரின் கதவைத் திறக்கிறபோது, உள்ளிருந்து அடுப்பின் வாய் திறந்தாற்போல அனல் வந்து முகத்தில் மோதுவதையும், ஸ்டியரிங்கைத் தொட்ட கை தானாகவே பின்வாங்குவதையும் அனுபவித்தறியாத கார்க்காரர் நம் சென்னையில் ஒருவரும் இரார். அந்தக் கணத்தில்தான், கண்ணாடிகளுக்குக் கூலிங் பேப்பர் என்னும் படலத்தை ஒட்டிவிட வேண்டும் என்ற சங்கற்பம் பெரும்பாலோர் மனத்தில் பிறக்கிறது. சங்கற்பம் நியாயமானதே. ஆனால் அதை நிறைவேற்றிக்கொள்ளக் கடைக்குப் போகிறவர்கள் அங்கே வாய்திறந்து கேட்பதென்னவோ கருமையைத்தான். 'நல்ல டார்க்காகப் போடுங்கள்' என்பதே வழக்கமான வேண்டுகோள். கருமை மிகுந்தால் குளிர்ச்சியும் மிகும் என்று அவர்கள் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு பரவலானதோ அவ்வளவு பிழையானது. குளிர்ச்சிக்கென்று நம் வீதிக்கு வந்த ஒரு நல்ல பொருள், கருமையின் பொருட்டே உச்ச நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது.

சூரியனிடமிருந்து நம்மை வந்தடையும் சக்தியை நூறு பங்காக வகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ 3 முதல் 5 பங்கு புறஊதாக் கதிர்களாகவும், 43 பங்கு அளவில் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகவும், எஞ்சிய பாதிக்கு மேற்பட்ட பங்கு நம் கண்ணுக்கு ஒருபோதும் அகப்படாத அகச்சிவப்புக் கதிர்களாகவும் வருகின்றன. அதாவது, நம்மைத் தகிக்கச் செய்கிற உஷ்ணத்தில் பாதிக்கு மேல் வெளிச்சமே இல்லாத உஷ்ணம். இக்கிரணங்களில் பெரும்பகுதி கார்க் கண்ணாடியைத் தடையின்றிக் கடந்து உள்ளே புகுந்து, ஆசனங்களிலும் டாஷ்போர்டிலும் விழுந்து, அவற்றைச் சூடேற்றுகிறது. சூடேறிய அப்பொருள்கள் திருப்பி வெளியிடும் கதிர்களோ வேறு ஜாதியைச் சேர்ந்தவை, அலை நீண்டவை. அவற்றைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. சூடான காற்றும் போக வழியின்றி உள்ளேயே அடைபடுகிறது. வந்த வழி திரும்பும் வழியாக இராத இந்தக் கூண்டில் உஷ்ணம் எத்தனை விரைவாக ஏறுகிறது என்பதை, அமெரிக்க மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி பிரத்தியட்சமாகக் காட்டியது: வெயிலில் நின்ற காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் வெளிக்காற்றைவிடச் சராசரியாக 22 டிகிரி செல்ஷியஸ் மிகுதியாகச் சூடேறியது, அவ்வேற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே நிகழ்ந்து முடிந்தது, கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் விளையவில்லை. எந்தப் படலத்தை ஒட்டியிருந்தாலும், கடைக்குள் ஒரு நிமிஷம் போய்வருவதாகச் சொல்லிக் குழந்தையைக் காருக்குள் விட்டுப் போகலாகாது என்பதை இவ்விடத்திலேயே அழுத்திச் சொல்லிவிடுவது என் கடமை. படலம் ஏற்றத்தைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது.

உஷ்ணத்தோடு இன்னொரு விஷயமும் உண்டு. காரின் முன்கண்ணாடியும் பக்கக் கண்ணாடியும் ஒரே தன்மையன அல்ல. முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒன்றாகப் பிணைத்தது. பிரெஞ்சு ரசாயனியும் ஓவியருமான எடுவார் பெனெதிக்தூஸ் இத்தகைய கண்ணாடிக்கு 1909இல் காப்புரிமை பெற்றார். உடைந்தாலும் சிதறாது என்பதற்காகப் பொருத்தப்பட்ட அந்த நடுவேடு, புறஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும் உபகாரத்தையும் சேர்த்தே செய்கிறது. பக்கக் கண்ணாடியோ பதப்படுத்திய ஒற்றைத் தகடு. தோலின் ஆழத்தைத் தொடும் புறஊதா 'ஏ' கதிர்களில் கணிசமான பங்கு அதன் வழியே புகுந்துவிடுகிறது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது ஓட்டுநர் ஒருவரின் புகைப்படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்நாட்டில் ஓட்டுநர் இடப்புறம் அமர்வதால், ஜன்னலை ஒட்டியிருந்த அவருடைய இடக் கன்னம் தடித்துச் சுருங்கித் தொங்க, வலக் கன்னம் பல வயது இளமையாகத் தோன்றியது. ஒரே முகத்தில் இரண்டு வயது. நம் நாட்டில் வலப்புறம் அமர்ந்து நாள் முழுதும் டாக்ஸி ஓட்டுகிறவர்களை நினைத்துப் பார்க்கும்போது, படலம் ஒட்டுவதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

சென்ற கோடையில் என் சகோதரியின் மகன் புதிதாக ஒரு கார் வாங்கியபோது, அதற்குப் படலம் ஒட்ட ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு அவனோடு நானும் போனேன். மவுண்ட் ரோட்டை ஒட்டி, ஆசன உறைகளும் ஹாரன்களும் பாட்டுப் பெட்டிகளும் வாசல்வரை தொங்கும் அந்த வீதியில், வண்டிக்கு வேண்டிய அலங்காரம் எதுவும் கிடைக்காமற் போவதில்லை. அவனும் வழக்கம்போல 'டார்க்காக' என்றே கேட்டான். கடையிலிருந்த தொழிலாளி, முப்பது வயதுக்குள் இருப்பார், அவனுக்குப் பதில் சொல்லாமல், மேஜைமேல் இருந்த ஒரு சிவப்பு விளக்கை ஏற்றினார். அதற்கு முன்னால் இரண்டு கண்ணாடித் துண்டுகளை நிறுத்தினார். ஒன்றில் அடர்ந்த கறுப்புப் படலம், மற்றதில் ஒட்டியிருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்த படலம். "கையை வெச்சுப் பாருங்க சார்" என்றார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த என் உள்ளங்கை சில விநாடிகளில் சுடத் தொடங்கியது. தெளிந்த கண்ணாடிக்குப் பின்னாலோ இளஞ்சூடுதான் தெரிந்தது. "மாமா, இது எப்படி?" என்று என் மருமான் கேட்டான்.

எப்படியென்றால், அந்தக் கறுப்பு, வெறும் சாயம். படலமென்பது அடிப்படையில் மெல்லிய பாலியெஸ்டர் ஏடு. அதன் ஒரு முகத்தில் பசை, மறுமுகத்தில் கீறல் படாதபடி ஒரு கெட்டிப் பூச்சு. மலிவான வகையில் ஏட்டுக்குச் சாயம் ஏற்றிவிடுகிறார்கள். சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குகிறது. அகச்சிவப்பைப் பெரும்பாலும் அப்படியே உள்ளே விடுகிறது. விழுங்கிய ஒளியும் உஷ்ணமாக மாறிக் கண்ணாடியைச் சூடேற்ற, அதில் ஒரு பங்கு மறுபடி உள்ளேதான் வருகிறது. இரண்டு மூன்று கோடைகளில் இச்சாயம் வெளுத்து ஊதா நிறமாக மாறுவதைப் பழைய வண்டிகளில் எல்லோரும் கண்டிருப்போம். உலோகத் துகள் பூசிய வகை உஷ்ணத்தைத் திருப்பி அனுப்புவதில் சமர்த்துடையது. ஆனால் ரேடியோ அலைகளையும் அது திருப்பி அனுப்பிவிடுவதால், சுங்கச் சாவடியில் ஃபாஸ்டேக் படிக்கப்படாமல் போகும் சங்கடம் உண்டு. செராமிக் என்று சொல்லப்படும் வகையில்தான், அகச்சிவப்பை மட்டும் தேர்ந்து தடுக்கும் மிக நுண்ணிய துகள்கள், ஒளிக்கும் வானொலிக்கும் வழிவிட்டு அமைந்திருக்கின்றன. விலை அதிகம், விலைக்குரிய குணமும் உண்டு.

அந்தத் தொழிலாளி படலம் ஒட்டியதை ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஒரு ஸ்டூலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷமும் வீணாயிற்றென்று தோன்றவில்லை. கதவின் உட்பக்கத்தை நீர் படாமல் துணியால் மூடினார். கண்ணாடியைச் சோப்பு நீரால் நனைத்து பிளேடால் மெல்லச் சுரண்டிக் கழுவினார். கழுவியதை மறுபடி கழுவினார். ஒரு தூசி இருந்தாலும் அது படலத்தின் ஆயுள் முழுதும் அங்கேயே இருந்து கண்ணை உறுத்தும் என்றார். பின்கண்ணாடி இருபுறமும் வளைந்தது. தட்டையான ஏடு அதன்மேல் மடிப்பில்லாமல் படியாது. ஆகவே முதலில் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஏட்டை விரித்து, சூட்டுத் துப்பாக்கியால் அனல்காற்றைப் பாய்ச்சி, எழுந்த மடிப்புகளை ஒவ்வொன்றாகச் சுருக்கி அமர்த்தினார். சூடு குறைந்தால் மடிப்பு நிற்கும். மிகுந்தால் ஏடு கருகும். கண்ணாடியே விரிசல் விடுவதும் உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள அளவை அவர் கை மட்டுமே அறிந்திருந்தது. பிறகு பசையை மூடிய காகிதத்தை உரித்து, சோப்பு நீரைத் தாராளமாகத் தெளித்து, ஏட்டை உட்புறத்தில் வழுக்கி இடத்தில் நிறுத்தி, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளினார். நீர் இருக்கும்வரை ஏடு நகரும்; நீர் போனபின் நகராது. அந்தச் சிறு இடைவெளிக்குள் ஓரங்களெல்லாம் ஒத்துவர வேண்டும். கண்ணாடியை உடைக்காமல், ஏட்டைக் கிழிக்காமல், ஒரு குமிழும் எழாமல் அதைச் செய்து முடிக்கும் அவ்வித்தைக்கு நாம் கொடுக்கும் மரியாதை போதாது என்பது என் அபிப்பிராயம்.

இனிச் சட்டத்தின் கதை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன் பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதமும் ஒளியை ஊடுருவ விட வேண்டும் என்று கூறுகிறது. இவ்விதி ஏட்டில் இருக்க, வீதியிலோ உள்ளிருப்பவர் யாரென்று தெரியாத வண்டிகள் பெருகின. பொதுநல மனு ஒன்றை விசாரித்த உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான அமர்வின் வாயிலாக, 27.4.2012 அன்று தீர்ப்பளித்தது. கண்ணாடி தயாராகும்போதே விதித்த அளவுக்குள் நிறம் பெற்றிருக்கலாம். பிற்பாடு அதன்மேல் எந்தச் சதவீதப் படலத்தையும், வேறெந்தப் பொருளையும் ஒட்டலாகாது என்பது அதன் சாரம். 4.5.2012 முதல் தடை அமலுக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் டெல்லியில் ஓடிய ஒரு பேருந்தினுள், கறுத்த கண்ணாடிக்கும் திரைச்சீலைக்கும் பின்னால் ஓர் இளம்பெண்ணுக்கு நிகழ்ந்த கொடுமையை நாடறியும். அதற்குப் பின் அத்தீர்ப்பின் காரணத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தயாரிப்பிலேயே நிறம் என்றேனே, அதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கார்க் கண்ணாடியின் விளிம்பை உற்றுப் பார்த்தால் இளம்பச்சை தெரியும். உருகிய கண்ணாடிக் குழம்பில் சேர்ந்த இரும்பின் நிறம் அது. அவ்விரும்பு அகச்சிவப்பை ஓரளவு தானே விழுங்கிக்கொள்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் உருகிய தகரத்தின்மேல் கண்ணாடி மிதந்து தகடாகும் ஆலை இயங்கி வருவதால், இந்தக் கலை நமக்குத் தூரத்து விஷயமன்று.

தடை அப்படியே நின்றுவிடவில்லை. 2020இல் 100ஆம் விதி திருத்தப்பட்டு, 1.4.2021 முதல், தரநிலைக்கு உட்பட்ட பிளாஸ்டிக் படலம் உட்புறத்தில் பதிந்த 'பாதுகாப்புக் கண்ணாடியமைப்பும்' ஏற்புடையதாயிற்று. இதை ஆதாரமாகக் கொண்டு கேரள உயர் நீதிமன்றம் செப்டம்பர் 2024இல், 70, 50 சதவீத வரம்புகளுக்கு உட்பட்ட படலத்தை வாகன உரிமையாளர் ஒட்டிக்கொள்வதற்காக அபராதம் விதிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. எனினும் 2012இன் தடையே மனத்தில் நிற்கும் காவலர் வழியில் எதிர்ப்படுவது இயல்பு. ஆகவே படலத்தின் தரச் சான்றையும் ரசீதையும் வண்டியிலேயே வைத்திருப்பது விவேகம்.

இதில் அநேகர் ஏமாறும் கணக்கொன்று உண்டு. 50 சதவீதம் அனுமதி என்றால் 50 சதவீதப் படலம் ஒட்டலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். கண்ணாடி தானே நூறும் விடுவதில்லை. பக்கக் கண்ணாடி 75 சதவீதம் விடுகிறதென்று கொண்டால், அதன்மேல் 50 சதவீதப் படலம் ஒட்டினால், இரண்டும் பெருகி 37½ சதவீதம்தான் மிஞ்சும், குற்றம். 70 சதவீதப் படலமானால் 52½, தப்பலாம். முன்கண்ணாடியில் இன்னும் நெருக்கடி: 78 விடும் கண்ணாடியில் 90 விடும் படலம் ஒட்டினாலே, 70க்கு மேல் ஒரு மயிரிழைதான் எஞ்சுகிறது. நம் தொழிலாளியிடம் ஒளியளக்கும் சிறு கருவி இருந்தது. ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து காட்டிய பிறகே அவர் பணம் வாங்கினார்.

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், கண்ணாடி தெளிந்திருக்க வேண்டும் என்பதற்கு என் மனத்தில் வேறொரு காரணம் இருக்கிறது. சிக்னல் இல்லாத முனையில் ஒரு மூதாட்டி பையோடு நிற்கிறாள். வருகிற வண்டி நிற்குமா என்பதை அவள் சக்கரத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை, ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்தே தீர்மானிக்கிறாள். அவர் தலையை லேசாக அசைத்தால் கடக்கிறாள். கறுத்த கண்ணாடி அந்தச் சம்பாஷணையை அறுத்துவிடுகிறது. மழைக்கால இரவில், பின்கண்ணாடி கறுத்த வண்டியைப் பின்னோக்கி நகர்த்துகிறவர், பின்னால் விளக்கின்றி நிற்கும் சைக்கிள்காரரைக் காண்பது அதிருஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

என் மருமான் இறுதியில் தெளிந்த படலத்தையே தேர்ந்தான். "நாலு நாளைக்குக் கண்ணாடிய எறக்காதீங்க சார். உள்ள தண்ணி முத்துமுத்தாத் தெரியும், பயப்படாதீங்க, வெயில்ல காஞ்சிடும்" என்று சொல்லி அனுப்பினார் தொழிலாளி. அவர் சொன்னபடியே முத்துக்கள் ஒரு வாரத்தில் மறைந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகலில் என் சகோதரியைக் கோயிலிலிருந்து அழைத்துவந்தான், ஏ.சி.யைப் பாதியளவில் வைத்தே வந்ததாகச் சொன்னான். வண்டி தெருமுனை திரும்பும்போதே எதிர்வீட்டு அம்மாள் வாசலிலிருந்து, "அர்ச்சனை நல்லா ஆச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டாள். ஏற்றிய கண்ணாடிக்குப் பின்னால் என் சகோதரியின் நெற்றிக் குங்குமம் வரை வெளியே தெரிந்தது.