அலுவலகத்திலிருந்து வகுப்பறைக்கு



உங்கள் இல்லத்தில் ஒருவர் கால் நூற்றாண்டு பார்த்த வேலையை விட்டுவிட்டு, "இனிப் பாடம் நடத்தப் போகிறேன்" என்றால் என்ன சொல்வீர்கள்? "இந்த வயதில் இது தேவைதானா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்பர். கற்ற தொழில் வீணாகிவிடுமே என்று அஞ்சுவர். அந்த அச்சம் சரிதானா என்பதற்கு ஒருவரின் வாழ்வு விடை தருகிறது.

ஜான் ஃபிலிப் ஜோன்ஸ் பிரிட்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் பயின்றவர். ஜே. வால்டர் தாம்ஸன் என்னும் விளம்பர நிறுவனத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் 1981இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் விளம்பரத்துறை ஆசிரியரானார்.

விளம்பரத் தொழிலில் ஊடகத் திட்டமிடல் என்றொரு பணி உண்டு. எந்த இதழில், எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், எத்தனை முறை விளம்பரம் வர வேண்டும் என்று கணக்கிட்டு, விளம்பரதாரரின் பணத்தைப் பங்கிடும் பணி அது. ஒரு விளம்பரம் மூன்று முறையேனும் கண்ணில் பட்டால்தான் பயன் தரும் என்ற கருத்து 1970களில் வேரூன்றியது. ஆகவே சில வாரங்களில் பணத்தைக் கொட்டிவிட்டுப் பின்னர் மௌனம் காப்பது வழக்கமாயிற்று.

இதற்குச் சான்று என்ன? பேராசிரியர் ஜோன்ஸ் ஆராய்ந்தார். தொலைக்காட்சியில் பார்த்த விளம்பரங்களும் கடையில் வாங்கிய பொருள்களும் ஒருசேரப் பதிவான அமெரிக்க வீடுகளின் விவரங்களை நீல்சன் நிறுவனத்திடமிருந்து பெற்றார். வாங்குவதற்கு முந்தைய ஏழு நாள்களில் விளம்பரம் சென்ற வீடுகளையும் செல்லாத வீடுகளையும் ஒப்பிட்டார். வாங்கும் வேளைக்குச் சற்று முன் ஒருமுறை பார்ப்பதே பெரும்பயன் தரும் என்று 1995இல் நூலாக எழுதினார். பணத்தை ஆண்டு முழுவதும் பரவலாகச் செலவிடுவதே நன்று என்பது இதன் பொருள். பல விளம்பரங்கள் உடனடி விற்பனையைச் சிறிதும் கூட்டவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவருடைய முடிவுகளை மறுத்தோரும் உண்டு. எனினும் அத்துறை தன் பழக்கத்தை மறுபரிசீலனை செய்தது.

சிந்தித்துப் பாருங்கள்! விளம்பரம் விற்றுப் பிழைக்கும் இடத்தில் இருந்துகொண்டு, "இவற்றில் பல பயனற்றவை" என்று சொல்வது எளிதன்று. வகுப்பறை அந்தச் சுதந்திரத்தை அளித்தது. ஆயினும், எதைக் கேட்க வேண்டும் என்பதைக் கற்றுத் தந்தது பழைய தொழிலே.

நம் நாட்டிலும் இந்த வாசல் திறந்திருக்கிறது. பதினைந்து ஆண்டுத் தொழில் அனுபவம் உள்ள வல்லுநர்கள், முனைவர் பட்டம் இல்லாவிடினும் கல்லூரிகளில் கற்பிக்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நெறிமுறை வகுத்தது.

ஆகவே, உங்கள் வீட்டில் அப்படியொருவர் எழுந்து நின்றால் தடுத்து அமர்த்திவிடாதீர்கள். குடும்பச் செலவைக் கணக்கிடுங்கள், மனம்விட்டுப் பேசுங்கள். அவர் உழைத்துப் பெற்ற அறிவு நாளை பல பிள்ளைகளுக்கு வழிகாட்டக்கூடும்.