அந்த டைமரை எழுதுனது யாரு? டெலிவரி நேரமும் ரைடரோட பாதுகாப்பும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன வாரம் நல்ல மழை. ஒரு பாக்கெட் தயிரும் கொத்தமல்லியும் ஆர்டர் பண்ணியிருந்தேன். கொண்டு வந்த அண்ணா தொப்பலா நனைஞ்சு நின்னாரு. "மெதுவாவே வந்திருக்கலாமேண்ணா, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல"ன்னேன். "உங்களுக்கு இல்ல தம்பி, ஆப்புக்கு இருக்கே"ன்னுட்டு அடுத்த ஆர்டருக்குக் கிளம்பிட்டாரு.

அந்த "ஆப்" யாருன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் அது நான்தான். முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில டெலிவரி நேரத்தைக் கணிக்கிற டீம்ல இருந்தேன். அதனால இன்னைக்கு அந்த நேரம் எப்படி உருவாகுது, அது ஒரு ஆளோட உடம்பு மேல எப்படி வந்து விழுதுன்னு பேசலாம்.

நேரத்தை வாக்குறுதியா விக்கிறது ஆப் வந்தப்புறம் ஆரம்பிச்ச விஷயம் இல்ல. அமெரிக்காவுல டாமினோஸ் பல வருஷம் 30 நிமிஷ கியாரண்டி கொடுத்துட்டு இருந்தாங்க. 1989-ல செயின்ட் லூயிஸ் நகரத்துல ஒரு டெலிவரி டிரைவர் சிவப்பு சிக்னலைத் தாண்டி வந்து ஒரு பெண்மணியோட வண்டியில மோதினார். 1993 டிசம்பர்ல நீதிமன்ற ஜூரி கிட்டத்தட்ட 7.9 கோடி டாலர் கொடுக்கச் சொன்னாங்க. அதே மாசம் அந்த கியாரண்டியை கம்பெனி நிறுத்திடுச்சு. தென் கொரியாவுல டெலிவரி பசங்க இறந்ததுக்கு அப்புறம், 2011-ல இதே மாதிரி நிறுத்தினாங்க. அப்போ அந்த 30 நிமிஷம் போஸ்டர்ல எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது. அதை எதிர்த்து கேஸ் போட முடிஞ்சது. இப்போ அந்த எண் ஒவ்வொரு ஆர்டருக்கும் மாறுது, சர்வர்ல எங்கயோ இருக்கு.

சரி, எப்படிக் கணிக்கிறாங்க? அடிப்படை ரொம்ப சிம்பிள். இதே ரூட்ல, இதே நேரத்துல, முன்னாடி போனவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சோ, அந்த டேட்டாவை வெச்சு மாடலுக்குக் கத்துக் கொடுப்போம்.

சிக்கலே அங்கதான். ஒரு உதாரணம் சொல்றேன். கடையில இருந்து வீட்டுக்குப் போக, யூ டர்ன் எடுத்து சுத்திப் போனா 7 நிமிஷம். எதிர் திசையில ஒரு 200 மீட்டர் ஒட்டிப் போனா 4 நிமிஷம். பாதிப் பேர் ராங் சைடுல போறாங்கன்னு வெச்சுக்கோங்க. மாடலுக்கு ராங் சைடு, ரைட் சைடு எல்லாம் தெரியாது, நேரம் மட்டும்தான் தெரியும். அது ஐந்தரை நிமிஷம்னு கத்துக்கும். இப்போ ஒழுங்கா சுத்திப் போறவர் ஒன்றரை நிமிஷம் "லேட்". அவர்ல சில பேர் நாளைக்கு ராங் சைடு எடுப்பாங்க. அடுத்த தடவை மாடலைப் புதுப்பிக்கும்போது நேரம் இன்னும் குறையும். யாரும் கெட்ட எண்ணத்தோட எதையும் எழுதல. ஆனா, தப்பிச்சு வந்தவங்களோட ரிஸ்க்கை மத்தவங்களுக்கு அளவுகோலா ஆக்கிட்டோம். எங்க டீம்ல இந்தக் கேள்வியை யாரும் கேக்கல. நானும் கேக்கல. "எரர் எவ்வளவு குறைஞ்சுது"ன்னு மட்டும்தான் பார்த்தோம்.

வேகமா போனா என்ன மிச்சம்னு ஒரு கணக்கு போடலாம். 3 கிலோமீட்டர் தூரம். 40-ல போனா நாலரை நிமிஷம், 60-ல போனா 3 நிமிஷம். மிச்சம் 90 செகண்ட். ஆனா வேகம் ஒன்றரை மடங்கு ஆகும்போது மோதல்ல இருக்குற ஆற்றல் 2.25 மடங்கு ஆகுது. பிரேக் பிடிச்சு வண்டி நிக்கிற தூரமும் ஏறக்குறைய அதே மடங்கு. சராசரி வேகம் 1% கூடினா உயிர் போகும் விபத்தோட வாய்ப்பு 4% கூடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம தயிர் 90 செகண்ட் முன்னாடி வருது, அவ்வளவுதான்.

கம்பெனிகள் தரப்புலயும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. டார்க் ஸ்டோர், அதாவது வாடிக்கையாளர் உள்ள போகாத அந்த சின்ன குடோன், வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர்குள்ள இருக்கு. வேகம் பேக்கிங்லயும் தூரத்துலயும்தான் வருது, ரைடரை நாங்க விரட்டலைன்னு சொல்றாங்க. பாதி உண்மை. மீதிப் பாதி சம்பளத்துல இருக்கு. ஒரு ஆர்டருக்கு இவ்வளவு, இத்தனை ஆர்டர் முடிச்சா போனஸ்னு வெச்சா, ஸ்க்ரீன்ல டைமரே இல்லாட்டியும் அவர் மனசுல ஒரு டைமர் ஓடும். தண்ணி குடிக்க நிக்கிற நேரமும் பாத்ரூம் தேடுற நேரமும் அவர் கைக்காசுதான். மே மாச சென்னை வெயில்ல அது உடம்பை என்ன பண்ணும்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. மாநகராட்சி 2025-ல அண்ணா நகர்ல ஏசி ஓய்வறை திறந்தாங்க. நல்ல விஷயம். ஆனா உள்ள உக்காந்திருக்கும்போது காசு வராதே.

என்னை இன்னும் உறுத்துற ஒண்ணு இருக்கு. 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்ல சுத்துற மெஷினுக்குத் தடுப்பு போடணும்னு 21-வது பிரிவு சொல்லுச்சு. அடிபட்டு 48 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை செய்ய முடியலைன்னா அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும்னு 88-வது பிரிவு. எங்க டாஷ்போர்டுல, ரோட்ல விழுந்த ரைடர் எப்படித் தெரிஞ்சார் தெரியுமா? "ஆஃப்லைன்". தூங்கப் போனவரும் ஆஃப்லைன், ஆஸ்பத்திரியில இருக்குறவரும் ஆஃப்லைன். அவரோட ஆர்டர் வேற ஒருத்தருக்கு மாறிடும்.

சட்டம் மெல்ல வருது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல "கிக் தொழிலாளி"ங்கிற வார்த்தை வந்துச்சு, அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர்ல. தமிழ்நாட்டுல நல வாரியம் அமைக்கப்போறதா முதல்வர் ஸ்டாலின் 2023 சுதந்திர தின உரையில அறிவிச்சார். 2026 ஜனவரியில, மத்திய தொழிலாளர் அமைச்சர் பேசினதுக்கு அப்புறம், பிளிங்கிட் "10 நிமிஷம்"ங்கிறதை விளம்பரத்துல இருந்து எடுத்தாங்க. விளம்பரத்துல இருந்து எடுத்தாச்சு, சரி. மாடல்ல?

அதை நம்மள மாதிரி ஆளுங்கதான் பண்ண முடியும், பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். டிரெய்னிங் டேட்டாவுல வேக வரம்பைத் தாண்டின டிரிப், ராங் சைடு ஜிபிஎஸ் தடம் ரெண்டையும் தூக்கிடுங்க. மழை பெய்யும்போது நேரத்தைக் கூட்டுங்க, அந்த மழையில முன்னாடி ரிஸ்க் எடுத்து வந்தவர் 12 நிமிஷத்துல வந்திருந்தாலும் சரி. ஓடுற ஆர்டர் நடுவுல ஆஃப்லைன் ஆனவருக்கு ஒரு மனுஷன் ஃபோன் பண்ணணும். இந்த எபிசோடைக் கேக்குற யாராவது இப்போ அந்த மாதிரி டீம்ல இருந்தா, திங்கக்கிழமை அந்த டேட்டா ஃபில்டர் எழுதியிருக்குற ஃபைலைத் திறந்து பாருங்க. என்ன இருந்துச்சுன்னு எனக்கு மெயில் பண்ணுங்க, பேர் சொல்லாம அடுத்த எபிசோட்ல பேசலாம்.