உறையில் விற்ற நம்பிக்கை

இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத் திடலில், தலையில் தீக்கோழி இறகுகள் சூடி, ‘என்கிட்ட ஒரு குதிரை இருக்கு’ என்று கூவியபடி, எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று எழுதி உறைக்குள் மடித்துவைத்த டிப்ஸ் சீட்டுகளை விற்றவர் இளவரசர் மோனோலூலூ. அபிசீனிய நாட்டின் ஒரு குலத்தலைவர் என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் கரீபியன் தீவான செயின்ட் குரோயில் பிறந்த பீட்டர் மெக்கே. ஜெயிக்கும் குதிரை நிச்சயமாகத் தெரிந்தவர் அதைச் சில்லறைக்கு விற்பாரா? அப்படியானால் வாங்கியவர்கள் ஏமாளிகளா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அவர்கள் கொடுத்த காசு பெரும்பாலும் வேடிக்கைக்கும் ஒரு நிமிட நம்பிக்கைக்கும்தான். 1920-இல் எப்சமில் நடந்த டெர்பி பந்தயத்தில் ஸ்பியான் காப் குதிரையால் அவர் பெரும்பணம் ஜெயித்ததாகச் சொல்வார்களே என்று கேட்கலாம். ஒரு வெற்றி ஊர் முழுக்கப் பரவும். தோற்ற சீட்டுகளோ கசங்கிப் புல்லில் கிடக்கும், அவற்றை யார் எண்ணினார்கள்?