புயல் எந்தப் பக்கமாகப் போகிறது?

அரபிக்கடலில் உருவாகும் புயல்களில் பல ஓமன், ஏமன் பக்கமோ குஜராத் பக்கமோ திரும்பிவிடும். சில கடலிலேயே வலுவிழந்துபோகும். மும்பையை நெருங்குவது அரிது. ஆனால் 2020லும் 2021லும் அடுத்தடுத்து இரண்டு புயல்கள் நெருங்கின. நிசர்கா மும்பையை நோக்கி வருவதாகத் தோன்றி, தெற்கே கரையைக் கடந்தது. டவ்தே மும்பைக்கு வராமல் கடலோடு வடக்கே போனது. நகரம் அதிகம் அடிபட்டது இரண்டாவதில்தான்.

புயல் பிறப்பது இப்படித்தான்: கடல்நீரின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்போது, ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் மேலும் காற்றை இழுக்கிறது. பூமியின் சுழற்சி அந்தக் காற்றைச் சுழலவைக்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் அது தாழ்வு மண்டலம், 62ஐ எட்டினால் புயல். புயலான பிறகுதான் பெயர் சூட்டப்படும். வங்காளதேசம் தந்த 'நிசர்கா'தான் 13 நாடுகள் சேர்ந்து 2020இல் வெளியிட்ட புதிய பட்டியலின் முதல் பெயர்.

நடுக்கடலில் காற்றை அளக்கும் கருவிகள் மிகக் குறைவு. அதனால் இன்சாட் செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களே வானிலை ஆய்வாளர்களின் முதல் சான்று. மேகச் சுருளின் வடிவத்தையும், அதன் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதையும் வைத்துப் புயலின் வலிமையை மதிப்பிடும் முறையை அமெரிக்கரான வெர்னான் டுவோராக் 1970களில் உருவாக்கினார். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் அதையே பின்பற்றுகிறது. புயல் கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டருக்குள் வந்ததும் மும்பை கொலாபாவிலுள்ள டாப்ளர் ரேடார் அதன் மையத்தைப் பின்தொடர்கிறது. இந்தத் தகவல்களையெல்லாம் கணினி மாதிரிகள் வாங்கிக்கொண்டு அடுத்த சில நாள்களுக்கான பாதையைக் கணக்கிடுகின்றன. மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, எதை எவ்வளவு நம்புவது என்று முடிவுசெய்வது அனுபவமுள்ள மனிதர்கள்தான்.

அந்தப் பாதையை வரைபடத்தில் ஒரு கோடாகவும், அதைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் கூம்பாகவும் காட்டுவார்கள். தொலைக்காட்சி பார்ப்பவர்கள் கோட்டை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அது ஆபத்தான பழக்கம். 24 மணி நேரத்துக்கு முந்தைய கணிப்பில் மையத்தின் இடம் சராசரியாக 80 கிலோமீட்டர் அளவுக்கு விலகக்கூடும். மும்பை செம்பூரின் திலக் நகரிலிருந்து தெற்கே உள்ள அலிபாக் நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டர்கூட இல்லை. அதாவது முந்தின நாள் கணிப்பை வைத்து 'அலிபாக்கா, செம்பூரா' என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. நிசர்கா வந்தபோது பாந்த்ரா-குர்லா வளாகத்துத் தற்காலிக மருத்துவமனையிலிருந்த கொரோனா நோயாளிகளை வேறிடத்துக்கு மாற்றியது வீண்வேலை அல்ல, சரியான முடிவு.

2020 ஜூன் 3 பிற்பகலில் நிசர்கா அலிபாக்குக்குத் தெற்கே கரையைக் கடந்தது. ராய்கட் மாவட்டத்தின் தென்னை, பாக்குத் தோப்புகள் சாய்ந்தன. மும்பை பெரும்பாலும் தப்பியது. இதற்குத் தூரம் மட்டும் காரணம் அல்ல. நம் அரைக்கோளத்தில் புயல்காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. புயல் நகரும் திசையை நோக்கி நின்றால், வலப்பக்கத்தில் சுழற்சியின் வேகத்தோடு நகர்வின் வேகமும் சேர்ந்துகொள்ளும். இடப்பக்கத்தில் நகர்வின் வேகம் கழிந்துவிடும். வடகிழக்காக நகர்ந்த நிசர்காவுக்கு மும்பை இடப்பக்கம் இருந்தது.

2021 மே 17இல் நிலைமை தலைகீழ். லட்சத்தீவுப் பகுதியில் உருவாகி வடக்கு-வடமேற்காக ஏறிய டவ்தே, மும்பைக்கு மேற்கே கடலில் கடந்துபோனது. நகரம் அதன் வலப்பக்கத்தில் இருந்தது. கொலாபாவில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது, சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, விமான நிலையம் மூடப்பட்டது. மும்பைக் கடற்பகுதி எண்ணெய் வயல் அருகே பி-305 என்ற பார்ஜ் மூழ்கியது. அதிலும் வரப்பிரதா இழுவைக் கப்பலிலும் இருந்தவர்களில் 80 பேருக்கு மேல் மாண்டனர். புயல் கரையைக் கடந்ததோ அன்றிரவு, குஜராத்தில்.

பாதையைக் கணிப்பது கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் முன்னேறியிருக்கிறது. வலிமையைக் கணிப்பது அந்த அளவுக்கு முன்னேறவில்லை. வெதுவெதுப்பான நீரின் மேல் ஒரு புயல் ஒரே நாளில் இரண்டு படி ஏறிவிடக்கூடும். அந்த ஏற்றம் மையத்தையொட்டிய சிறு மேகக் கூட்டங்களில் தொடங்குவதால் மாதிரிகளின் பிடிக்கு எளிதில் அகப்படுவதில்லை. டவ்தேயும் இரண்டு மூன்று நாளில் அதிதீவிர நிலையைத் தாண்டியது. அரபிக்கடல் சூடேறிவருவதால் இந்தச் சிக்கல் வளரவே செய்யும்.

அடுத்த எச்சரிக்கை வரும்போது, திலக் நகரிலோ தாராவியிலோ இருப்பவர்கள் புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. உங்கள் இடம் கூம்புக்குள் இருக்கிறதா, புயலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்கு எவ்வளவு காற்றும் மழையும் என்பதையும் அறிக்கையில் பாருங்கள். தகரக் கூரைகளை முன்கூட்டியே கட்டிவையுங்கள். மரமோ சுவரோ விழுந்தால் மாநகராட்சியின் 1916 எண்ணை அழையுங்கள்.