கருப்பைத் தடுப்பை நீக்கிய பின் கருவுறும்போது

பெண் சிசு தாயின் வயிற்றில் வளர்கையில், இரு குழாய்கள் ஒன்றுசேர்ந்தே அதன் கருப்பை உருவாகிறது. சேர்ந்தபின் நடுவிலுள்ள சுவர் மறைய வேண்டும். சிலருக்கு அது முழுதும் மறையாமல் தடுப்பாக நின்றுவிடுகிறது. அடுத்தடுத்துக் கருச்சிதைவு நேர்ந்து காரணம் தேடும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. பிறப்புறுப்பு வழியாக உள்நோக்குக் கருவியைச் செலுத்தி இத்தடுப்பை வெட்டிவிடலாம். வயிற்றில் தழும்பு இராது.

வெளியே தழும்பு இல்லாததே பின்னர் ஒரு தொல்லையாகிறது. "அது சிறிய சிகிச்சைதானே" என்று எண்ணி, கருவுற்றபின் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. வெட்டுகையில் தசை ஆழமாக அறுபட்டிருந்தாலோ, சுவரில் துளை விழுந்திருந்தாலோ, கருப்பை விரியும்போது அவ்விடம் கிழியக்கூடும். இது மிக அரிது. நேர்ந்தால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. பிரசவ வலி தொடங்கும் முன்பே நேர்ந்ததும் உண்டு.

ஆகவே, திடீரெனத் தோன்றித் தணியாத வயிற்று வலி, இரத்தப்போக்கு, மயக்கம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கலாகாது. நள்ளிரவாயினும் அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். வீட்டு மூத்தோருக்கும் இதை முன்னரே சொல்லி வையுங்கள். அவ்வேளையில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவர்களே.

நஞ்சுக்கொடி தழும்பின்மீது ஆழமாக ஊன்றிப் பிரசவத்தின்போது பிரியாதிருக்கவும் கூடும். எனவே அது எங்கே ஒட்டியுள்ளது என்பதை ஸ்கேனில் கவனித்துப் பார்ப்பார்கள்.

சிசேரியன் கட்டாயமா என்பதே பலரின் கேள்வி. உள்நோக்குக் கருவியால் சிகிச்சை பெற்றவர்கள், வேறு தடையில்லையெனில், சுகப்பிரசவத்துக்கு முயலலாம். வயிற்றைத் திறந்து கருப்பைச் சுவரை வெட்டித் தைத்தவர்களுக்கு நிலைமை வேறு. வலி தொடங்கும் முன்பே சிசேரியன் செய்வதே வழக்கம். தங்களுக்கு நடந்தது எது, துளை விழுந்ததா, சுவர் எவ்வளவு ஆழம் வெட்டப்பட்டது என்பனவெல்லாம் அறுவைக் குறிப்பில் இருக்கும். டிஸ்சார்ஜ் தாளில் இவ்விவரங்கள் விடுபட்டிருக்கலாம். அறுவைக் குறிப்பின் நகலைத் தனியே கேட்டுப் பெற்று, முதல் பரிசோதனைக்கு வரும்போதே கொண்டு வாருங்கள்.