யன்னல் இல்லாத ட்ராம்

ஏட்டுச்சுவடியில் செல்லரித்த இடத்தைத் தம் மனம்போன போக்கில் நிரப்பிவிடும் பதிப்பாசிரியரை நாம் கண்டிப்பதுண்டு. ஒரு விளையாட்டுச் சாமானிலும் அந்தப் பிழை நேரக்கூடும் என்பதைச் சென்ற மாதம் கண்டேன்.

ரொறன்ரோவிலிருந்து விடுமுறையில் வந்த நண்பரின் மகன், அங்கே பழைய சாமான் சந்தையொன்றில் வாங்கிய ட்ராம் வண்டி மாதிரியொன்றைக் கொண்டு வந்தான். பித்தளை, ஒரு சாணுக்குக் குறைந்த நீளம். பக்கச் சுவரில் யன்னல் இல்லை. அடியில் இரண்டு முனையிலும் ஏதோ நார்க்கட்டு கோணலாகத் தொங்கியது.

"மாமா, ஆரோ பழுதாக்கிப் போட்டினம். இந்தத் தும்பைக் கழட்டி, யன்னல் வெட்டிவிட்டால் வடிவாய் வரும்" என்றான். கையில் குறடு தயாராக இருந்தது.

நல்லவேளை, பொறு என்றேன்.

கொழும்பில் ட்ராம் 1960இல் நின்றது. அதை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களும் தாங்கள் ஏறிப்போன வண்டியைத்தான் சொல்வார்கள். ஆனால் ட்ராம் ஓடிய நகரங்கள் பலவற்றில் பயணிகளை ஏற்றாத வண்டிகளும் இருந்தன. பாதையைப் பேணுவதே அவற்றின் தொழில். பெரும்பாலும் இரவிலும் கெட்ட காலநிலையிலும் வெளியே வரும் அவற்றைப் படம்பிடித்தவர்கள் குறைவு. ஆகவே மாதிரியின் பெட்டியும் சீட்டும் தொலைந்துவிட்டால், வண்டியின் உடம்பையே வாசிக்க வேண்டியிருக்கிறது.

அவன் கையில் இருந்தது பனி கூட்டும் வண்டி. வட அமெரிக்காவின் குளிர் நகரங்களுக்கு இன்றியமையாதது. வீதி நடுவே ஓடும் ட்ராம் தண்டவாளம் வீதி மட்டத்துக்குப் புதைந்திருக்கும். சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்கு அதிலே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் பனி இறுகிக் கட்டியானால் வண்டி தடம் புரளலாம். கலப்பை போன்ற தகடு மேலே கிடக்கும் பனியைத் தள்ளும். பள்ளத்துக்குள் இருப்பதைத் தோண்டாது. அதற்குத்தான் உருளை வடிவான பெருந் தும்புத்தடிகள். அவற்றைச் சுழற்ற வண்டிக்குள் தனி மோட்டார் இருக்கும். தடி நேர்குறுக்காக இருந்தால் பனி முன்னே குவியும். கோணலாக இருப்பதால் ஒதுக்குப்புறம் வீசப்படும். பிள்ளை பழுது என்று நினைத்த கோணல் அதுதான். இரு முனையிலும் இருப்பது, போகும்போதும் வரும்போதும் கூட்டுவதற்கு. உள்ளே மோட்டாரும் ஊழியருமே, யன்னல் எதற்கு?

ரொறன்ரோ நகரம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தகைய வண்டிகளை நியூயோர்க்கிலிருந்து பழையனவாகவே வாங்கி ஓட்டியது.

எல்லாம் இவ்வளவு இலகுவல்ல. முதுகில் தண்ணீர்த் தாங்கி உள்ள மாதிரியைப் பார்த்தால் நமக்குப் பவுசர்தான் ஞாபகம் வரும். தார் போடாத வீதிகளில் புழுதி அடக்கத் தண்ணீர் தெளித்த வண்டியாக அது இருக்கலாம். தண்டவாளம் தேய்க்கும் வண்டியாகவும் இருக்கலாம். நாட்பட்ட தண்டவாளத்தில் அலை அலையாக நெளிவு விழும். வண்டி அதன்மேல் இரைந்துகொண்டு ஓடும். கார்போரண்டம் கற்களை அழுத்தித் தேய்த்து அதைச் சமப்படுத்துவார்கள். அங்கும் தண்ணீர் தேவைப்பட்டது. எனவே தாங்கியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, குனிந்து பார்க்க வேண்டும். முனையில் தெளிப்புக் குழாய் இருந்தால் ஒன்று; தண்டவாளத்தை ஒட்டிக் கற்பிடி இருந்தால் மற்றது. கூரைமேல் மரமேடை இருந்தால், அது மின்கம்பி பழுதுபார்க்கும் வண்டி. மேடை மரத்தாலானது சிக்கனத்துக்காக அல்ல. மின்சாரம் ஓடும் கம்பியைத் தொட்டு வேலை செய்பவனின் உயிருக்காக.

பழைய பயணி வண்டியையே இப்படி மாற்றியதும் உண்டு. அப்போது பலகையடித்து மூடிய யன்னலின் தழும்பும் மாதிரியில் வரும். அது செய்தவனின் கைப்பிழையன்று.

நிறத்தையும் இலக்கத்தையும் மட்டும் நான் நம்புவதில்லை. போருக்குப் பின் யப்பானில் கையால் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய பித்தளை மாதிரிகள் பெரும்பாலும் வர்ணம் பூசாமலே விற்கப்பட்டன. வாங்கியவர் தம் ஊர் நிறத்தைப் பூசிக்கொண்டார்.

இவ்வளவும் கேட்டபின் அவன் குறட்டைக் கீழே வைத்தான். பிறகு, "அசல் வண்டியில இந்தத் தும்பு என்ன மாமா?" என்றான்.

பிரம்பு, என்றேன். நம் பக்கத்துக் காடுகளிலும் தென்கிழக்காசியாவிலும் வளரும் கொடியினம், பனியைக் கண்டறியாதது. வளையும், இலகுவில் முறியாது. ஆனாலும் தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டியிருந்தது.

ஒரு தும்புத்தடியில் பாதி நார் உதிர்ந்திருந்தது. வீட்டுப் பின்விறாந்தையில் பின்னல் அறுந்த பிரம்புக் கதிரை ஒன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு கீற்றை உரித்துக் கொடுத்தேன். அதை மயிரிழையாகக் கிழித்தெடுக்க அவனுக்கு அன்று பின்னேரம் முழுவதும் பிடித்தது.